டியர்டிராப் ட்ரெய்லருக்கு டங் எவ்வளவு நீளம் விடலாம்?

டியர்டிராப் ட்ரெய்லரை, அதாவது கண்ணீர்த்துளி வடிவில் உள்ளே படுத்துத் தூங்க மட்டும் இடமுள்ள சின்ன ட்ரெய்லரை, வீட்டிலேயே கட்டத் தொடங்குகிறவர்கள் முதல் ஒரு மாதம் உடலைப் பற்றியேதான் பேசுவார்கள். முன் வளைவு எப்படி வர வேண்டும், பின்பக்கச் சமையலறைக்கு எத்தனை தட்டு, மெத்தை எந்த அளவு. ட்ரெய்லரைக் காரோடு இணைக்கும் டங் பற்றிய பேச்சு எஃகுக் குழாயை வெட்டுகிற நாளன்றுதான் வரும். அன்றைக்கு யாரோ சொன்ன ஓர் எண்ணைப் பிடித்துக்கொண்டு வெட்டிவிடுவார்கள். உடலில் செய்த பிழையைப் பின்னால் பிரித்துச் சரிசெய்துகொள்ளலாம். டங் குட்டையாகிவிட்டால் அப்படியில்லை, அதிகம் பளு விழுகிற இடத்திலேயே ஒட்டுப்போட வேண்டியிருக்கும். அதனால்தான் இந்த ஒரு விஷயத்தை மட்டும் தனியாக எடுத்து எழுதுகிறேன்.

டங் என்று நான் சொல்வது, காரின் ஹிட்ச் குண்டின் (காரின் பின்னால் ட்ரெய்லரை மாட்டும் உருண்டை) நடுப்புள்ளியிலிருந்து ட்ரெய்லர் உடலின் முன்சுவர் வரை உள்ள இரும்பை. மாட்டுவண்டியின் ஏர்க்காலை நினைத்துக்கொள்ளுங்கள், வேலையும் ஏறத்தாழ அதேதான். 24 அங்குலம், 42 அங்குலம், 60 அங்குலம் ஆகிய மூன்று நீளங்களை இங்கே ஒப்பிடப் போகிறேன். மடக்கு டங் பற்றியும் கொஞ்சம் வரும்.

எண்களைப் பேச ஒரு வண்டி வேண்டும். எங்களுடையதையே எடுத்துக்கொள்கிறேன். சியாட்டில் பக்கம் இருக்கிறோம். கார் டொயோட்டா ராவ்4, அகலம் 73 அங்குலம். ட்ரெய்லரின் உடல் 8 அடி நீளம், 5 அடி அகலம். 1930-களில் அமெரிக்காவில் இந்த வகை ட்ரெய்லர்கள் வரத் தொடங்கிய நாளிலிருந்தே சிறியவைதான். இன்று வீட்டில் கட்டுகிறவர்களுக்கு 8 அடி வசதியான அளவு. கடையில் கிடைக்கும் ப்ளைவுட் 4 அடிக்கு 8 அடி, ஒரு பக்கச் சுவர் ஒரே பலகையில் முடிந்துவிடும். சாமான்களோடு மொத்த எடை 1,200 பவுண்டு. சக்கர அச்சு முன்சுவரிலிருந்து 60 அங்குலம் பின்னால்.

முட்டுமா, முட்டாதா

முதலில் பார்க்க வேண்டியது இதுதான். ரிவர்ஸ் எடுக்கும்போது ட்ரெய்லர் மடங்கினால் அதன் முன்சுவர் காரில் முட்டுமா?

சில வருடங்களுக்கு முன்பு தெரிந்தவர் ஒருவரின் டியர்டிராப்பை இரவல் வாங்கிக்கொண்டு ஒலிம்பிக் தீபகற்பத்துக்குப் போனோம். அதன் டங் 24 அங்குலம். நெடுஞ்சாலையில் ஒரு குறையும் இல்லை, காரோடு ஒட்டிக்கொண்டு அழகாக வந்தது. கேம்ப்கிரவுண்டில் எங்களுக்குக் கிடைத்த இடம் இரண்டு சீடார் மரங்களுக்கு நடுவில், ரிவர்ஸில்தான் போக முடியும். மனைவி பின்னால் நின்று கைகாட்டினாள். ட்ரெய்லர் காரைவிட ஒல்லி, நேராக இருக்கிறவரை பக்கக் கண்ணாடியில் தெரியவே தெரியாது. தெரிந்தபோது அது பாதி மடங்கியிருந்தது. “நில்லுங்க, நில்லுங்க” என்று அவள் சொன்னதும் ‘டக்’ என்ற சத்தமும் ஒன்றாகவே கேட்டன. இறங்கிப் பார்த்தேன். ட்ரெய்லரின் முன்சுவர் அலுமினியத் தகட்டில் கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு பள்ளம். காரின் பின்விளக்குக்குக் கீழே, பம்பர் மூலையில், அதே அலுமினியம் தேய்த்த வெள்ளிக் கோடு.

வீட்டுக்கு வந்ததும் காகிதத்தில் வரைந்து பார்த்தேன். ஹிட்ச் குண்டு பம்பரிலிருந்து 10 அங்குலம் வெளியே இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், 24 அங்குல டங் 55 டிகிரி மடங்கும்போதே முட்டிவிடும். 30 அங்குலத்துக்கு 68 டிகிரி. 36 அங்குலத்துக்கு 87. பம்பர் மூலை வளைவாக இருப்பதால் நடைமுறையில் இன்னும் ஓரிரு டிகிரி கிடைக்கும், அவ்வளவுதான்.

இதிலிருந்து நினைவில் வைத்துக்கொள்ள ஓர் எளிய கணக்கு வருகிறது. காரின் பாதி அகலம் எவ்வளவோ, டங் அவ்வளவாவது இருந்தால் 90 டிகிரி வரை முட்டாது. ட்ரெய்லர் முழுக்க மடங்கி நிற்கும்போது அது பம்பருக்கு இணையாக இருக்கும், கார் முடிகிற இடத்துக்கு அப்பால்தான் அதன் உடலே தொடங்கும். நம் காருக்கு அது 36½ அங்குலம். இன்னும் உறுதியாக வேண்டுமென்றால் குண்டிலிருந்து பம்பர் மூலைவரை டேப் பிடித்து அளந்துகொள்ளுங்கள். எங்களுக்கு 38 வந்தது. டங் அதைத் தாண்டினால் எந்தக் கோணத்திலும் முன்சுவர் பம்பர் மூலையைத் தொடாது. 42 என்ற எண் எங்களுக்கு இப்படித்தான் வந்தது: 38, அதோடு ஒரு கை அகல இடைவெளி.

கவனியுங்கள், இந்தக் கணக்கில் ட்ரெய்லரின் அகலத்தைவிடக் காரின் அகலமே முக்கியம். பெரிய பிக்கப் டிரக் வைத்திருப்பவருக்கு 42 போதாமல் போகலாம். டங் மேல் பெட்டி வைக்கப் போகிறவர்கள் முன்சுவர் வரை அளந்தால் போதாது, பெட்டியின் மூலைகளையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

கணக்கில் நம்பிக்கை வராதவர்கள் வீட்டு முன்னாலிருக்கும் சிமென்ட் தரையில் சோதித்துப் பார்க்கலாம், நாங்களும் செய்தோம். காரை நிறுத்தி, குண்டுக்கு நேர் கீழே தூக்குக்குண்டு விட்டு ஒரு புள்ளி வைத்தோம். பம்பரின் ஓரத்தைச் சாக்பீஸால் தரையில் இறக்கிக்கொண்டு காரை நகர்த்திவிட்டோம். குளிர்சாதனப்பெட்டி வந்த அட்டையை 5 அடி அகலத்துக்கு வெட்டி, நடுவில் ஒரு மரச்சட்டத்தை ஒட்டி, சட்டத்தின் மறுமுனையைப் புள்ளியில் ஆணி வைத்துப் பிடித்துச் சுற்றினோம். மரச்சட்டத்தை 24-இல் வைத்தால் அட்டையின் விளிம்பு சாக்பீஸ் கோட்டின் மேல் ஏறியது. 36-இல் கோட்டை உரசியது. 42-இல் நான்கு விரல் விட்டுச் சுற்றிவந்தது. அரைமணி நேர வேலை. எந்தக் காருக்கும் எந்த ட்ரெய்லருக்கும் இதைவிட நல்ல விடை கிடைக்காது.

ரிவர்ஸும் திருப்பமும்

முட்டுவதற்கு முந்தைய கட்டம், ட்ரெய்லர் எவ்வளவு வேகமாக மடங்குகிறது என்பது. இதை முடிவு செய்வது குண்டுக்கும் சக்கர அச்சுக்கும் உள்ள தூரம். எங்கள் அளவுகளில் 24 அங்குல டங்குக்கு அது 7 அடி, 42-க்கு 8½ அடி, 60-க்கு 10 அடி. ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டு பின்னால் தள்ளினால், ஏற்கெனவே இருக்கும் சிறிய கோணல் இரண்டு மடங்காக 7 அடிக்காரனுக்கு 5 அடி ஓட்டம் போதும், 10 அடிக்காரனுக்கு 7 அடி வேண்டும். அந்த இரண்டு அடியில்தான் பிரேக்கில் கால் வைக்கிற நேரம் இருக்கிறது. நீண்ட டங் ரிவர்ஸில் பொறுமையான மாடு மாதிரி, சொல்வதைக் கேட்டு மெதுவாகத் திரும்பும்.

முன்னால் போகும்போது நிலைமை தலைகீழ். நீளம் கூடக்கூட, திருப்பத்தில் ட்ரெய்லர் உள்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும். குண்டு 20 அடி ஆரத்தில் வட்டமடிக்கிறது என்றால் 7 அடிக்கு ட்ரெய்லரின் சக்கரம் 1¼ அடி உள்ளே வரும், 10 அடிக்கு 2¾ அடி. பெட்ரோல் பங்க் தூண், நடைபாதை ஓரம் இதெல்லாம் 60 அங்குல டங் வைத்தவரின் கவலை. ஆனாலும் டியர்டிராப் போன்ற சின்ன வண்டிக்கு இதைப் பெரிய குறையாக நான் நினைக்கவில்லை. ஒரு வாரம் ஓட்டினால் கண் பழகிவிடும். ரிவர்ஸில் மடங்குவதற்கு அப்படிப் பழக முடியாது, ஏனென்றால் அது கண்ணுக்கே தெரியாமல் நடக்கிறது.

முன்பாரம்

இந்த இடத்தில்தான் பலரும் குழம்புகிறார்கள். மாட்டுவண்டி ஓட்டியவர்களுக்கு விளக்கவே வேண்டாம். முன்பாரம் கூடினால் நுகத்தடி மாட்டின் கழுத்தை அழுத்தும், பின்பாரம் கூடினால் நுகத்தடி மேலே தூக்கும். வண்டிக்காரர் மூட்டையை முன்னும் பின்னும் நகர்த்தி அதைச் சரிசெய்வார். ட்ரெய்லரிலும் குண்டின் மேல் இறங்கும் எடைதான் முன்பாரம். அமெரிக்க வழக்கத்தில் அது மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் இருக்க வேண்டும். அதற்குக் கீழே போனால் நெடுஞ்சாலை வேகத்தில் ட்ரெய்லர் வால் ஆட்டத் தொடங்கும், கார் அதன் பின்னால் இழுபட்டு ஆடும். மேலே போனால் காரின் பின்பக்கம் அமுங்கி முன்சக்கரம் லேசாகிவிடும். எங்கள் ஹிட்ச்சின் லேபிள் முன்பாரத்துக்கு 150 பவுண்டு என்று வரம்பு போட்டிருந்தது, அதனால் எங்களுக்குக் கிடைத்த இடம் 120-க்கும் 150-க்கும் நடுவில் மட்டுமே.

டங் நீளம் இதை எப்படி மாற்றுகிறது? ட்ரெய்லரின் எடைமையம் அச்சுக்கு 12 அங்குலம் முன்னால் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 1,200 பவுண்டுக்கு, 24 அங்குல டங்கில் முன்பாரம் 171 பவுண்டு. 42-இல் 141. 60-இல் 120. உடலில் ஓர் ஆணியைக்கூட நகர்த்தவில்லை, டங் நீண்டதற்கே 51 பவுண்டு குறைந்துவிட்டது. நெம்புகோல் கணக்குதான்.

இதைப் பார்த்ததும் “அப்போ முன்பாரத்தைச் சரிசெய்ய டங்கை நீட்டினால் போதுமே” என்று தோன்றும். அப்படிச் செய்யாதீர்கள். முன்பாரத்தைச் சரிசெய்ய அச்சை நகர்த்துங்கள். டங்கின் நீளத்தை முட்டாமல் இருப்பதற்காக முடிவு செய்துவிட்டு, உடலைக் கட்டி முடித்து, சமையலறைச் சாமான் முழுதும் ஏற்றி எடை பார்த்த பிறகு அச்சின் இடத்தை உறுதிசெய்வதே என் முறை. ஸ்பிரிங் தாங்கிகளை முதலில் போல்ட்டிலோ கிளாம்ப்பிலோ நிறுத்திக்கொண்டால் இது சாத்தியம். இரண்டு அங்குலம் முன்னும் பின்னும் போனாலே முன்பாரம் 20, 25 பவுண்டு மாறிவிடும். அச்சை ஒரேயடியாக வெல்டிங் செய்துவிட்டு அப்புறம் டங்கோடு போராடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், மனம் கஷ்டமாக இருக்கும்.

பிரிட்டனில் இருப்பவர்கள் இந்தச் சதவீதத்தை அப்படியே எடுக்க வேண்டாம். அங்கே கேரவனுக்கு 5 முதல் 7 சதவீதம் என்பதே வழக்கமான அறிவுரை, அதற்கும் மேல் காரின் கையேட்டில் போட்டிருக்கும் வரம்பு.

நீண்டால் வலு குறையுமா?

குறையும், ஆனால் பலர் பயப்படுகிற அளவுக்கு இல்லை. டங் வளைவது முன்பாரத்தை நீளத்தால் பெருக்கிய அளவைப் பொறுத்தது. 24-க்கு 171 பவுண்டைப் பெருக்கினால் ஏறத்தாழ 4,100. 60-க்கு 120-ஐப் பெருக்கினால் 7,200. நீளம் இரண்டரை மடங்கானாலும் வளைக்கும் விசை 1¾ மடங்கு மட்டுமே கூடுகிறது, ஏனென்றால் நீளம் கூடும்போது முன்பாரம் தானாகக் குறைகிறது. இது நிற்கும்போது உள்ள கணக்கு. பள்ளத்தில் இறங்கும்போது மும்மடங்கு வரலாம் என்று வைத்துக்கொண்டு குழாயைத் தேர்ந்தெடுங்கள்.

அந்த 1¾ மடங்கை ஈடுகட்டவும் எளிய வழி இருக்கிறது. 2 அங்குலச் சதுரக் குழாய்க்குப் பதில், அதே ⅛ அங்குலக் கனத்தில் 2-க்கு 3 குழாயை எடுத்து, 3 அங்குலப் பக்கத்தை நிமிர்த்தி வையுங்கள். வளைவைத் தாங்கும் வலு அதுவும் 1¾ மடங்குதான். கூடுதல் எடை அடிக்கு ஒரு பவுண்டுகூட இல்லை. 42 அங்குலமோ 60 அங்குலமோ, ஒற்றைக் குழாய் டங்குக்கு 2 அங்குலச் சதுரத்தை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

ஒற்றைக் குழாய்க்குப் பதில் இரண்டு கால்கள் முன்னால் சேரும் ஏ வடிவ டங் வைக்கிறவர்களுக்கு ஒரு சின்னக் கணக்கு. அமெரிக்கக் கடைகளில் கிடைக்கும் ஏ வடிவக் கப்ளர் (குண்டின் மேல் கவ்வும் முன்முனை) 50 டிகிரிக் கோணம். 5 அடி அகலச் சட்டத்தின் இரு மூலைகளுக்கும் கால்கள் போக வேண்டுமென்றால் டங் 64 அங்குலமாக இருந்தாக வேண்டும். 42 அங்குலத்தில் இரண்டு கால்களும் முன்சுவரில் 39 அங்குல இடைவெளியில் இருக்கும். அவற்றை முன் குறுக்குச்சட்டத்தோடு நிறுத்தாமல் அடியில் இரண்டாவது குறுக்குச்சட்டம் வரை கொண்டுபோய்க் கட்டுங்கள்.

வெல்டிங் பற்றி ஒரு வார்த்தை. டங் முன் குறுக்குச்சட்டத்தைக் கடக்கும் இடம்தான் பளு உச்சத்தில் இருக்கும் இடம். அங்கே குழாயின் அடிப்பக்கம் குறுக்காக வெல்டிங் போடாதீர்கள். ஒரு பழைய ட்ரெய்லரில் அப்படிப் போட்ட இடத்தைப் படுத்துக்கொண்டு பார்த்தேன். வெல்டிங் தடம் அழகாக இருந்தது, அதன் ஓரத்திலேயே தலைமுடி அளவு துருக்கோடு ஒன்று குழாயின் மூலையைத் தாண்டி மேலே ஏறிக்கொண்டிருந்தது. விரல்நகத்தில் தட்டுப்பட்டது. சூடுபட்டு இறுகிய உலோகம் முதலில் விரிசல் விடுவது அங்கேதான். பக்கவாட்டில், குழாயின் நீளவாக்கில் வெல்டிங் போடச் சொல்லுங்கள்.

மற்றவை

காரின் பின்கதவு திறக்க வேண்டும். எங்கள் காரில் கதவு மேலே போகும் வழியில் குண்டைத் தாண்டி ஒன்றரை அடி வெளியே வந்து போகிறது. 42-இல் தாராளம். 24-இலும் திறக்கும், ஆனால் நடுவில் ஆள் நிற்க முடியாது, மளிகைப் பையை எடுக்கப் பக்கவாட்டில் நுழைய வேண்டும். பிக்கப் டிரக்காரர்கள் பின்பலகையை இறக்கிப் பார்த்து டங்கைத் தாங்கும் ஜாக்கின் கைப்பிடி எங்கே வருகிறது என்று கவனிக்கட்டும்.

நிறுத்த இடம். 8 அடி உடலும் 60 அங்குல டங்கும் சேர்த்து 13 அடி. கராஜ் அதற்கு இடம் கொடுக்குமானால் சரி. கொடுக்காவிட்டால் மடக்கு டங் இருக்கிறது: கீல் வைத்து, ஊசியை உருவினால் முன்பகுதி பக்கவாட்டில் மடங்கும். கீலின் வரம்பு எடையையும் குழாய் அளவையும் பொருத்தி வாங்க வேண்டும், ஒவ்வொரு பயணத்துக்கு முன்பும் ஊசியைத் தொட்டுப் பார்க்க வேண்டும். இட நெருக்கடி உண்மையிலேயே இருந்தால் மட்டும் இதை எடுங்கள். கராஜுக்காக 24 அங்குலத்துக்குக் குறைப்பதைவிட 42 அங்குலத்தில் கீல் வைப்பது எவ்வளவோ மேல்.

எங்கள் பக்கத்தவர்களுக்கு இன்னொன்று. கார் ஏற்றிச் செல்லும் வாஷிங்டன் மாநிலப் படகுகளில் கட்டணம் கார், ட்ரெய்லர் இரண்டின் மொத்த நீளத்தைப் பார்த்து. 22 அடியிலிருந்து 30 அடிக்கு உட்பட்டவை ஒரு கட்டணம், 30 ஆனதும் அடுத்தது. ராவ்4 15 அடி, குண்டுக்கு ஏறக்குறைய ஓர் அடி, 60 அங்குல டங், 8 அடி உடல்: 29 அடியை ஒட்டி வருகிறது. உடலை 10 அடியாக்க நினைப்பவர் டங்கை 42-க்குள் வைத்துக்கொண்டால் அந்தக் கோட்டைத் தாண்டாமல் தப்பிக்கலாம்.

சரி, யாருக்கு எது? குறுகலான காரும் 4 அடி அகல உடலும் வைத்து, எப்போதும் முன்னால் நுழைந்து முன்னாலேயே வெளியே வரும் இடங்களுக்குப் போகிறவர் 30 அங்குலத்தோடு வாழலாம். 24-ஐ நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். பெரிய டிரக் இருக்கிறது, டங் மேல் பெட்டியோ சைக்கிளோ ஏற்ற வேண்டும், காட்டுப்பாதையில் ரிவர்ஸ் எடுக்க வேண்டும் என்றால் 60 வையுங்கள், 3 அங்குலக் குழாயோடு. சின்ன எஸ்யூவி, 5 அடி உடல், குடும்பத்தோடு கேம்ப்கிரவுண்ட் என்றால் 42. எஃகுக் குழாய் 20 அடி, 24 அடி நீளத்தில் வருகிறது, கூடுதலாக வைத்துக்கொள்ளும் ஓர் அடிக்கு ஆகும் செலவு மிகக் குறைவு. சந்தேகம் இருந்தால் நீளமாக விட்டுத் தற்காலிகமாகப் பொட்டு வெல்டிங் வைத்துக் காரில் மாட்டிப் பாருங்கள்.

எங்களுடையது 42 அங்குலத்தில் முடிந்தது. பேட்டரியை டங் மேல் வைக்க முதலில் ஆசை இருந்தது. 60 பவுண்டு பேட்டரியும் அதன் பெட்டியும் குண்டிலிருந்து இரண்டடி பின்னால் உட்கார்ந்தால் முன்பாரம் 46 பவுண்டு ஏறும் என்று கணக்குப் போட்டதும் அதை உள்ளே, அச்சுக்கு நேர் மேலே இறக்கிவிட்டோம். முதல் பயணத்துக்கு முன் கப்ளரை அதன் வழக்கமான உயரத்துக்கு மரக்கட்டை அடுக்கி, அடியில் குளியலறை எடைமேடையை வைத்துப் பார்த்தேன்: 131 பவுண்டு. திரும்பி வரும்போது பின்பக்கச் சமையலறையில் இருந்த ஐஸ்பெட்டி காலி, தண்ணீர், சாப்பாடு எல்லாம் தீர்ந்து 40 பவுண்டு குறைந்திருந்தது. வீட்டு வாசலில் மறுபடியும் எடைமேடையை வைத்தேன். 142. இப்போது பயணம் முடிந்து கிளம்பும்போது இரண்டு குடம் தண்ணீரைப் பிடித்துப் பின்னால் வைத்துக்கொண்டுதான் வருகிறோம்.